வட்டு வரிசை வீழ்ந்தால் எது மீளும்? திருப்பூரை முன்வைத்து ஒரு மதிப்பீடு

பல ஹார்ட் டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டி, வெளியே ஒரே பெரிய வட்டாகத் தெரியும்படி இயக்கும் அமைப்பு பழுதாகிவிட்டால், அதில் இருந்த தரவு திரும்பக் கிடைக்குமா? கணினித் துறை இந்தக் கேள்விக்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பதில் சொல்லிவருகிறது. ஒரு வட்டு போனாலும் தரவு போகாது என்றது ஒரு தரப்பு. போகும், கணக்கே அப்படித்தான் சொல்கிறது என்றது அடுத்து வந்த தரப்பு. எங்கள் கூடத்துக்குக் கொண்டுவாருங்கள், எடுத்துத் தருகிறோம் என்கிறது ஒரு தொழில். மீட்பைப் பற்றிப் பேசும் நிலைக்கு வந்ததே பிழை, பேக்கப் எங்கே என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

இந்தப் பதில்களில் பெரும்பாலானவை ஆயிரக்கணக்கான வட்டுகள் ஓடும் தரவு மையங்களைப் பார்த்து உருவானவை. திருப்பூரின் அமைப்பு வேறு. ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் இந்த ஊரில் வேலை ஒரே கூரையின் கீழ் நடப்பது குறைவு. நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, தையல், காஜா பட்டன், செக்கிங், பேக்கிங் என்று ஒரே பனியன் பல கம்பெனிகளின் படியேறி இறங்குகிறது. அவிநாசி, பல்லடம், பெருமாநல்லூர் வரை பரவிய இந்தச் சங்கிலியில், ஓர் ஏற்றுமதியாளரின் சர்வர் நின்றால் ஓவர்லாக் இயந்திரமும் பேட்லாக் இயந்திரமும் அன்றைக்கும் ஓடும். எந்த ஆர்டரின் எந்த லாட் எந்தச் சாயப்பட்டறையில் கிடக்கிறது, எத்தனை கிலோ திரும்ப வரவேண்டும், எந்த அளவில் எத்தனை பீஸ் வெட்டியாயிற்று என்ற அறிவுதான் நின்றுபோகும். கப்பல் தேதி இருக்கும் ஊரில் அது சிறிய விஷயம் கிடையாது.

சொல்லப்பட்ட பதில்கள் ஒவ்வொன்றும் எங்கே பிறந்தன, எங்கே வலுவிழக்கின்றன, திருப்பூர் போன்ற ஓர் ஊருக்கு அவை எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதைப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

முதல் பதில்: ஒன்று போனால் மற்றவை ஈடுகட்டும்

பழுதான சேமிப்பகத்தின் தரவை மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு மீட்கும் முறைக்கு ஐபிஎம் நிறுவனத்தின் நார்மன் ஓச்சி 1978இல் காப்புரிமை பெற்றார். அந்த எண்ணம் பரவலாகப் பேசப்பட்டது 1988இல். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் விலை குறைந்த சிறு வட்டுகளை வரிசையாகக் கட்டுவதற்கான வாதத்தை ஒரு கட்டுரையில் முன்வைத்தனர். ரெய்டு என்று இன்று எல்லாரும் சொல்லும் பெயர் அதிலிருந்து வந்தது.

அவர்கள் தொடங்கிய இடமே கவனிக்கத்தக்கது. ஒரு வட்டு சராசரியாக 30,000 மணி நேரம் ஓடும் என்றால், 100 வட்டுகளைச் சேர்த்துக் கட்டிய அமைப்பில் 300 மணி நேரத்துக்கு ஒரு பழுதை எதிர்பார்க்க வேண்டும். அதாவது இரண்டு வாரத்துக்குள். மலிவு வட்டுகளைச் சேர்க்கச் சேர்க்க ஆபத்து கூடுகிறது. அதனால்தான் பேரிட்டி என்ற சரிபார்ப்புத் தொகை தேவைப்பட்டது. ஒரு பில்லை நினைத்துக்கொள்ளலாம்: அதில் நான்கு வரிகளும் கீழே கூட்டுத்தொகையும் இருக்கின்றன. ஒரு வரி அழிந்துபோனால் மற்ற மூன்றையும் தொகையிலிருந்து கழித்து அதைக் கண்டுபிடித்துவிடலாம். ரெய்டு 5 என்ற முறை பிட் அளவில் இதைத்தான் செய்கிறது. வட்டுகளில் எது போனாலும் மீதியிலிருந்து அதைத் திரும்ப எழுதிவிடலாம். இரண்டு போனால் முடியாது.

இந்தப் பதிலின் பலம் இன்றும் குறையவில்லை. ஒற்றை வட்டு பழுதானபோதும் வேலை நிற்காமல் தப்பிய அலுவலகங்களைக் கணக்கெடுக்க முடியாது. பலவீனம் ஓர் அனுமானத்தில் இருக்கிறது. ஒரு வட்டின் பழுதுக்கும் அடுத்த வட்டின் பழுதுக்கும் தொடர்பில்லை என்று வைத்துக்கொண்டுதான் கணக்கு போடப்பட்டது. கட்டுரையாசிரியர்கள் இதை மறைக்கவில்லை. வாங்கியவர்கள்தான் மறந்தார்கள். ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே பேட்ச்சில் வாங்கிய நான்கு வட்டுகளை ஒரே பெட்டிக்குள் பொருத்தி, ஒரே மின்சாரத்தையும் ஒரே வெப்பத்தையும் கொடுத்துவிட்டு, அவை தனித்தனியாகத்தான் சாகும் என்று எதிர்பார்ப்பது எந்த அளவுக்குச் சரி?

கணக்கு சொன்னது, களம் காட்டியது

2007ஆம் ஆண்டு இந்தத் துறைக்கு ஒரு திருப்பம். அவ்வாண்டு வந்த இரண்டு பெரிய ஆய்வுகள் தயாரிப்பாளர்களின் விவரத்தாளைக் களத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தன. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடரும் கார்த் கிப்சனும் ஏறத்தாழ ஒரு லட்சம் வட்டுகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். விவரத்தாளின்படி ஆண்டுக்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே வட்டுகள் பழுதாக வேண்டும். களத்தில் 2 முதல் 4 சதவீதம் சாதாரணமாக மாற்றப்பட்டன. சில இடங்களில் 13 சதவீதம் வரை போனது. பழுதுகள் காலத்தில் ஒன்றையொன்று ஒட்டி வருவதும் தெரிந்தது. கூகுள் நிறுவனத்தின் ஆய்வோ, வட்டு தன்னைத்தானே சோதித்துத் தரும் எச்சரிக்கைகளை நம்பி இருந்துவிட முடியாது என்று காட்டியது. பழுதான வட்டுகளில் 56 சதவீதத்துக்கு மேல், மிக வலுவானவை என்று கருதப்பட்ட நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போயின.

அதே ஆண்டில் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட வட்டுகளை 32 மாதங்கள் கவனித்த இன்னோர் ஆய்வு, 3.45 சதவீத வட்டுகளில் ஒளிந்திருக்கும் பழுதைக் கண்டது. வட்டு ஓடிக்கொண்டிருக்கும், ஒரு மூலையில் சில பகுதிகள் மட்டும் படிக்க முடியாமல் போயிருக்கும், யாரும் அந்தப் பகுதியைப் படிக்காதவரை அது வெளியே தெரியாது. வரிசையில் ஒரு வட்டு செத்து, மீதி வட்டுகளை முழுமையாகப் படித்துப் புதிய வட்டில் எழுத வேண்டிய நாளில்தான் அது முதன்முதலாகத் தெரியும். மிக மோசமான நாள் அது.

இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு ராபின் ஹாரிஸ் என்ற சேமிப்பகத் துறை எழுத்தாளர் 2007இல் ஒரு கணக்கைப் பரப்பினார். சாதாரண வட்டுகளுக்குத் தயாரிப்பாளர் தரும் உத்தரவாதம், 100 லட்சம் கோடி பிட் படித்தால் ஒரு பிழை வரலாம் என்பது. அது ஏறத்தாழ 12.5 டெராபைட். இரண்டு டெராபைட் வட்டுகள் ஏழு கொண்ட வரிசையில் ஒன்று போனால், மீதி ஆறிலும் 12 டெராபைட் படிக்க வேண்டும். ஆகவே மறுகட்டுமானம் முடியுமுன் ஒரு பிழை வருவதற்கே வாய்ப்பு அதிகம். 2009இல் ரெய்டு 5 பயனற்றுப் போகும் என்றார் அவர். இரண்டு வட்டு போனாலும் தாங்கும் இரட்டைப் பேரிட்டியை நோக்கித் துறை நகர்ந்ததற்கு இதே கவலை காரணம். 2009இன் இறுதியில் ஆடம் லெவெந்தால் மூன்றாவது பேரிட்டியும் வேண்டியிருக்கும் என்று வாதிட்டார்.

ஹாரிஸின் எச்சரிக்கை திசையில் சரி, அளவில் மிகை என்றே தோன்றுகிறது. உத்தரவாத எண் என்பது மேல் எல்லை. எல்லா வட்டும் அந்த எல்லையிலேயே ஓடுவதில்லை. தவிர, படிக்க முடியாத ஒரு பகுதியால் இழப்பது ஒரு துண்டுத் தரவை மட்டுமே. முழு வரிசையும் போவது அந்தப் பிழையைக் கண்டதும், வரிசையை இயக்கும் கன்ட்ரோலர் கார்டு மொத்தத்தையும் கைவிடும்போதுதான். இந்த வேறுபாடு பின்னால் மீட்புக்கு வரும்போது முக்கியமாகிறது.

ஒன்றாகச் சாகும் வட்டுகளுக்கு ஐயத்துக்கு இடமில்லாத சான்று 2019 நவம்பரில் வந்தது. எச்பிஇ நிறுவனம் விற்ற சில எஸ்எஸ்டி மாடல்கள், உள் மென்பொருளின் பிழையால், சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் நிரந்தரமாக நின்றுவிடும் என்று நிறுவனமே அறிவித்தது. நின்றபின் தரவையும் மீட்க முடியாது. ஒரே நாளில் பொருத்தியவை ஏறத்தாழ ஒரே நேரத்தில் நிற்கும். அப்படிப்பட்ட வரிசையில் பேரிட்டி எத்தனை மடங்காக இருந்தாலும் பயன் இல்லை. அடுத்த ஆண்டில் இன்னொரு சிக்கல் வெளிப்பட்டது. சிறு அலுவலகச் சேமிப்பகங்களுக்கென்றே விற்கப்பட்ட வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வகையில் சில மாடல்கள், தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதும் வகையைச் சேர்ந்தவை என்று தெரியவந்தது. அன்றாட வேலையில் அது உறுத்தாது. மறுகட்டுமானத்தின்போது எழுதும் வேகம் சரிந்து, சில அமைப்புகள் அந்த வட்டையே பழுதென்று ஒதுக்கின. திருப்பூரின் சிறு கம்பெனி வாங்குவது இந்த விலைப் பிரிவில்தான் என்பதால், இங்கே இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு.

இனி ஊரின் சூழல். 2008 முதல் சில ஆண்டுகள் தமிழகத்தை வாட்டிய மின்வெட்டில் திருப்பூர் ஜெனரேட்டரில் ஓடியது. மின்சாரம் போவதற்கும் ஜெனரேட்டர் எடுப்பதற்கும் இடையிலான நொடிகளை யுபிஎஸ் தாங்க வேண்டும். பேட்டரி தளர்ந்திருந்தால் தாங்காது. தரவை எழுதிவிட்டுப் பேரிட்டியை எழுதுவதற்குள் மின்சாரம் போனால் இரண்டும் பொருந்தாமல் நிற்கும். விலை உயர்ந்த கார்டுகளில் இதற்கெனத் தனிப் பேட்டரி உண்டு. மலிவான அமைப்புகளில் பல நேரம் இருப்பதில்லை. பொருந்தாமை அப்போதே வெளியே தெரியாது. பின்னொரு நாள் ஒரு வட்டு செத்து, அந்தப் பேரிட்டியை நம்பிக் கணக்குப் போடும்போது பிழையான தரவு பிறக்கும்.

பஞ்சுத் தூசியைப் பற்றிய பொதுவான அச்சத்தைச் சற்றுத் திருத்திச் சொல்ல வேண்டும். வட்டின் தகடுக்கும் அதன்மேல் மிதக்கும் தலைப்பாகத்துக்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான். பருத்தி இழை அதைவிடப் பல்லாயிரம் மடங்கு தடிமன். வட்டின் உறைக்குள் போகும் காற்றோ வடிகட்டி வழியாகவே போகிறது. பஞ்சு உள்ளே நுழைந்து வட்டைக் கெடுப்பதைவிட, சர்வரின் விசிறியிலும் காற்றுத் துளைகளிலும் படிந்து வெப்பத்தை ஏற்றுவதே நடக்கக்கூடியது. மிதமான வெப்ப வேறுபாட்டுக்கும் பழுதுக்கும் வலுவான தொடர்பைக் கூகுள் ஆய்வு காணவில்லைதான். அது குளிரூட்டிய மையங்களின் முடிவு. நிட்டிங் கூடத்தை ஒட்டிய, ஞாயிற்றுக்கிழமை ஏசி நிறுத்தப்படும் ஓர் அறைக்கு அதை அப்படியே நீட்ட முடியாது.

மீட்புக்கூடத்தின் பதில்

வரிசை வீழ்ந்துவிட்டது, பேக்கப் இல்லை, அல்லது ஆறு மாதம் பழையது. இந்த நிலையில் பேசும் தரப்பு தரவு மீட்புத் தொழில். அவர்கள் சொல்லும் நம்பிக்கைக்கு அடிப்படை உண்டு. வரிசை வீழ்ந்தது என்று திரை சொல்லும்போது, உள்ளே உள்ள வட்டுகளில் பெரும்பான்மை பல நேரம் நல்ல நிலையிலேயே இருக்கும். அவற்றை எப்படிச் சேர்ப்பது என்ற குறிப்பு மட்டும் தொலைந்திருக்கும், அல்லது கன்ட்ரோலர் கார்டு போயிருக்கும்.

இத்தொழிலின் முதல் விதி, மூல வட்டில் எதையும் எழுதாதே என்பது. ஒவ்வொரு வட்டையும் பிட் பிட்டாக வேறொரு நல்ல வட்டுக்கு நகலெடுத்து, வேலை முழுவதையும் நகலில் செய்ய வேண்டும். ஸ்பெயின் நாட்டு நிரலாளர் அன்டோனியோ டியாஸ் எழுதிய டிடிரெஸ்க்யூ என்ற கட்டற்ற மென்பொருள் இதற்குப் பெயர் பெற்றது. அது நல்ல பகுதிகளை முதலில் விரைந்து படித்துவிட்டு, முரண்டு பிடிக்கும் பகுதிகளை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டு, பிறகு திரும்பி வந்து அவற்றோடு போராடுகிறது. சாகப்போகும் வட்டின் மிச்ச ஆயுளை எதில் செலவிடுவது என்ற கேள்விக்கு இது நல்ல விடை. தலைப்பாகமே உடைந்த வட்டுக்கு மென்பொருள் போதாது. அதைத் தூசியற்ற அறையில் திறந்து, அதே மாடலின் பாகத்தைப் பொருத்த வேண்டும். செலவும் காத்திருப்பும் அங்கேதான் ஏறுகின்றன.

நகல்கள் கைக்கு வந்தபின் நான்கு விஷயங்கள் தெரிய வேண்டும்: வட்டுகளின் வரிசை, ஒரு துண்டின் அளவு, பேரிட்டி சுழலும் முறை, தரவு தொடங்கும் இடம். ஐந்து வட்டுகளை 120 விதமாக அடுக்கலாம். நான்கு கிலோபைட் முதல் 512 கிலோபைட் வரை எட்டுத் துண்டு அளவுகளும், வழக்கிலுள்ள நான்கு சுழற்சி முறைகளும் சேர்த்தால் 3,840 சேர்க்கைகள். கணினிக்கு இது பெரிய எண் அல்ல. ஆனால் சரியான சேர்க்கையை எப்படி அடையாளம் காண்பது? பேரிட்டி பொருந்துகிறதா என்று பார்ப்பது மட்டும் போதாது. வட்டுகளை எந்த வரிசையில் வைத்துக் கூட்டினாலும் கூட்டுத்தொகை ஒன்றுதான். அந்தச் சோதனை சொல்வது, இவை எல்லாம் ஒரே வரிசையைச் சேர்ந்தவையா, எது பொருந்தாதது என்பதை மட்டுமே. வரிசைமுறையை உள்ளே இருக்கும் கோப்புகளைக் கொண்டுதான் உறுதிசெய்ய முடியும். இந்த இடத்தில் பிரிண்டிங் யூனிட்டின் சர்வருக்கு ஒரு வசதி உண்டு. ஆல் ஓவர் பிரிண்டின் பெரிய படக் கோப்பு பல துண்டுகளைத் தாண்டி நீளும். வரிசை தவறாக இருந்தால் படம் பட்டை பட்டையாக இடம் மாறித் தெரியும். சின்னச் சின்ன பில் கோப்புகள் ஒரே துண்டுக்குள் அடங்கிவிடுவதால், தவறான வரிசையிலும் சரியாகத் திறந்து ஏமாற்றக்கூடும்.

இன்னொரு பொறி, பழைய வட்டு. நான்கு வட்டு வரிசையில் ஒன்று மூன்று மாதம் முன்பே விலகியிருக்கும். சிவப்பு விளக்கு எரிந்திருக்கும். சர்வர் அறைக்கு யாரும் போயிருக்க மாட்டார்கள். இரண்டாவது வட்டு போனதும் எல்லாம் நிற்கும். அப்போது முதலில் போனதை வலுக்கட்டாயமாக உள்ளே சேர்த்தால் வரிசை உயிர்பெற்றதுபோலத் தோன்றும். மூன்று மாதப் பழைய துண்டுகளும் இன்றைய துண்டுகளும் கலந்து, அதன்மேல் கோப்பு முறையைச் சரிசெய்யும் கட்டளையையும் ஓட்டிவிட்டால், அதுவரை மீட்கக்கூடியதாக இருந்ததும் கெடும். லினக்ஸ் வரிசைகளில் ஒவ்வொரு வட்டும் தன் கடைசி நிகழ்வு எண்ணைக் குறித்துவைத்திருக்கும். எது பழையது என்று பார்க்க அது போதும். பார்ப்பதற்குள் ரீபில்டு பொத்தானை அழுத்தாமல் இருக்க வேண்டும்.

பெரிய இடங்களும் இதற்கு விலக்கல்ல. 2016 அக்டோபரில் லண்டனின் கிங்ஸ் கல்லூரியில் ஒரு சேமிப்பக அமைப்பின் பாகம் ஒன்று பழுதாகி, அதைச் சரிசெய்யும்போது அமைப்பு முழுவதும் வீழ்ந்தது. பேக்கப் முழுமையாக இல்லாத சில துறைகளின் பொதுக் கோப்புகள் திரும்பக் கிடைக்கவில்லை. இழப்பு முதல் பழுதால் வந்ததா, அதற்கடுத்துச் செய்த வேலையால் வந்ததா என்ற கேள்வியைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

மீட்புத் தரப்பின் பலவீனங்கள் மூன்று என்று சொல்லலாம். வெற்றி விகிதத்தை அவர்களே சொல்கிறார்கள். வெளியிலிருந்து சரிபார்க்க வழி குறைவு. எஸ்எஸ்டியில், அழித்த பகுதிகளை வட்டே துடைத்துவிடுவதாலும் உள்ளேயே மறையாக்கம் நடப்பதாலும், பழைய ஹார்ட் டிஸ்க்கில் பலித்த வித்தைகள் பல பலிப்பதில்லை. மூன்றாவதைப் பற்றிப் பேச்சு குறைவாகவே இருக்கிறது. வட்டை அனுப்பும்போது வெளிநாட்டு பையரின் வெளிவராத டிசைன்களும், தொழிலாளர்களின் ஆதார், வங்கி விவரங்களும் சேர்ந்தே போகின்றன. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் இது நல்லெண்ணத்துக்கு மட்டும் விடப்பட்ட விஷயமாக இருக்க முடியாது.

பேக்கப் தரப்பு

மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில் என்ற விதியை அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பரப்பினார். ரெய்டு பேக்கப் ஆகாது என்பது இத்தரப்பின் அடிப்படை வாதம். அதை மறுப்பது கடினம். தவறுதலாக அழித்த கோப்பை வரிசை எல்லா வட்டிலும் விசுவாசமாக அழிக்கும். பணயத் தீநிரல் பூட்டிய கோப்பைப் பூட்டியபடியே பேரிட்டியுடன் காக்கும்.

நம் பக்கத்திலேயே சான்றுகள் இருக்கின்றன. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்களில் ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வர் இருந்ததால் மருத்துவமனைத் தரவு மீண்டது. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மேகச் சேவை தாக்கப்பட்டபோது அப்படி நடக்கவில்லை. சுமார் 5,000 கணக்குகளின் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் போயின. 2025 செப்டம்பரில் தென் கொரியாவின் டேஜான் நகரில் அரசுத் தரவு மையம் தீப்பிடித்து, அரசு ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகள் வெளி நகல் இல்லாமல் அழிந்தன.

ஆனால் பேக்கப்பும் தானாக விடையாகிவிடாது. 2017 ஜனவரியில் கிட்லேப் நிறுவனம் ஒரு தரவுத்தளத்தைத் தவறுதலாக அழித்தபின், தான் வைத்திருந்த ஐந்து வகைப் பாதுகாப்பில் எதுவும் எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னது. 2021 டிசம்பரில் கியோத்தோ பல்கலைக்கழகத்தின் சூப்பர்கணினியில் பேக்கப் நிரலே 77 டெராபைட் கோப்புகளை அழித்தது. மீட்டுப் பார்த்துச் சோதிக்காத பேக்கப் ஒரு நம்பிக்கை மட்டுமே. அதே பென் டிரைவில் தினமும் டேலி நகல் எடுத்து, அதை அதே சர்வரில் செருகியே வைத்திருக்கும் வழக்கத்தையும் இந்த அளவுகோலால்தான் பார்க்க வேண்டும்.

சட்டமும் இத்தரப்போடு நிற்கிறது, ஆனால் எல்லாருக்கும் சமமாக அல்ல. 2022இல் திருத்தப்பட்ட கம்பெனி கணக்கு விதிகளின்படி மின்னணுக் கணக்கேடுகளின் நகல் நாள்தோறும் இந்தியாவில் உள்ள சர்வரில் எடுக்கப்பட வேண்டும். திருப்பூரின் மிகப் பல யூனிட்டுகள் தனி உரிமையாளர் நிறுவனங்கள் அல்லது கூட்டாண்மைகள். இந்த விதி அவற்றைத் தொடாது. அவற்றையும் தொடுவது ஜிஎஸ்டியின் 57ஆம் விதி. விபத்தாலோ இயற்கைக் காரணத்தாலோ பதிவுகள் அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி மின்னணு நகல் இருக்க வேண்டும் என்கிறது அது.

சங்கிலியே வைத்திருக்கும் நகல்கள்

மேலே கண்ட நான்கு தரப்பும் மீட்பு என்றால் வட்டிலிருந்தோ அதன் நகலிலிருந்தோ நடப்பது என்று எடுத்துக்கொள்கின்றன. திருப்பூரைப் பார்த்தால் இந்த வரையறை குறுகியதாகத் தெரிகிறது. வேலை பல கம்பெனிகளுக்குப் பிரிந்திருக்கும் ஊரில் தரவும் பிரிந்தே கிடக்கிறது. யாரும் பேக்கப் என்று திட்டமிட்டு எடுக்காத நகல்கள் பல இருக்கின்றன.

ஜாப் ஒர்க் சலானையே எடுத்துக்கொள்ளலாம். ஜிஎஸ்டி விதி 55 அதை மூன்று படியாக எழுதச் சொல்கிறது: ஒன்று பெறுபவருக்கு, ஒன்று வண்டிக்கு, ஒன்று அனுப்பியவருக்கு. அனுப்பியவரின் சர்வர் போனாலும், எத்தனை கிலோ கிரே துணி சாயத்துக்குப் போனது என்பது சாயப்பட்டறையின் ஃபைலில் இருக்கும். மின்னணு இன்வாய்ஸ் கட்டாயமான நிறுவனங்களின் விற்பனை பில்கள் அரசின் பதிவுத் தளத்தைத் தொட்டுவிட்டே வருகின்றன; 2023 ஆகஸ்டிலிருந்து ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்கள் அதற்குள் வருகிறார்கள். ஷிப்பிங் பில் சுங்கத் துறையின் ஐஸ்கேட்டில் இருக்கிறது. பிஎஃப், ஈஎஸ்ஐ மாதக் கணக்கு அந்தந்தத் தளங்களில் இருக்கிறது. டெக் பேக்கும் அளவுப் பட்டியலும் பையரிடமும் மெர்ச்சண்டைசரின் மெயிலிலும் இருக்கும்.

வட்டுக்கு வெளியே பொருளாகவே நிற்கும் நகல்களும் உண்டு. ரோட்டரி பிரிண்டிங்கின் கலர் செபரேஷன் கோப்பு அழிந்தாலும் நிக்கல் ஸ்கிரீன் கிடங்கில் இருக்கிறது. அதே டிசைனைத் திரும்ப ஓட்டலாம், அளவு மாற்ற முடியாது. எம்பிராய்டரியில் பஞ்சிங் மூலக் கோப்பு போனாலும் தையல் கோப்பு இயந்திரத்தின் நினைவகத்திலோ ஆபரேட்டரின் பென் டிரைவிலோ இருக்கக்கூடும். அதுவும் ஓடும், திருத்துவதுதான் கடினம். அட்டையில் வெட்டிய பேட்டர்னை டிஜிட்டைசர் பலகையில் வைத்துக் கணினிக்குத் திரும்பக் கொண்டுவரலாம்.

எனவே வரிசை வீழ்ந்த ஒரு கம்பெனியின் இழப்பை டெராபைட்டில் அளப்பதில் பொருள் குறைவு. வேறெங்கும் இல்லாதது எது என்று கேட்பதே பயன் தரும் வழி. அந்தப் பட்டியல் சிறியது, ஆனால் வலிக்கும் பட்டியல். காஸ்டிங் தாள்கள், அவற்றில் உள்ள பேரங்களின் வரலாறு. கட்டிங் மார்க்கர்கள், அவற்றில் மிச்சப்படுத்திய துணி சதவீதம். சாயப்பட்டறையின் ஷேடு வரலாறு. இவற்றுள் கடைசியானது தனி ரகம். ரிப்பீட் ஆர்டர் வரும்போது போன வருடத்து நீலத்தையே கொடுக்க வேண்டும். அதற்கு வேண்டியது சாயச் சதவீதம், உப்பு, சோடா, வெப்பநிலை, ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் அளவு, இடையில் செய்த திருத்தங்கள் எல்லாம் சேர்ந்த பதிவு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத முறை கட்டாயமானபின், சுத்திகரித்த நீரும் மீட்ட உப்புக் கரைசலும் திரும்பச் சாயத்தொட்டிக்கே வருகின்றன. அந்தத் தண்ணீரில் ஷேடு பிடிக்கக் கற்றுக்கொண்ட அனுபவம் இந்தப் பதிவுகளில் படிந்திருக்கிறது. அது போனால் லேப் டிப் எனும் ஆய்வகச் சாய மாதிரியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

இந்தப் பார்வைக்கும் எல்லை உண்டு. பத்து ஜாப் ஒர்க் கம்பெனிகளின் ஃபைலிலிருந்து ஒரு சீசனைத் திரும்பக் கட்டுவது வாரக்கணக்கில் ஆகும் வேலை. ஒவ்வொருவரிடமும் நிலுவைத் தொகை பற்றிய கருத்து வேறுபாடு இருக்கும். தன் கணக்கு இல்லாதவர் எதிராளியின் கணக்கை ஏற்க வேண்டியிருக்கும். பிரிந்து கிடக்கும் நகல் உறவின் பலத்தில் நிற்கிறது. வட்டில் இருக்கும் நகலுக்கு அந்தத் தேவை இல்லை.

தீராமல் நிற்பவை

ஒற்றை வட்டின் பழுதுக்கு 1988இன் பதில் போதும். பெரிய வட்டுகளுக்கு இரட்டைப் பேரிட்டி தேவை. வீழ்ந்தபின் கை வைக்காமல் நகலெடுத்தால் கணிசமானதை மீட்கலாம். சோதித்த வெளி நகலுக்கு ஈடில்லை. இந்த அளவுக்கு உடன்பாடு இருக்கிறது. அதற்கு மேல் சில கேள்விகள் திறந்தே இருக்கின்றன.

பெரிய தரவு மையங்களின் பழுது விகிதங்கள், தூசியும் வெப்பமும் மின்தடையும் உள்ள நான்கு வட்டு அறைக்கு எந்த அளவுக்குப் பொருந்தும் என்பது ஒன்று. நூற்றுக்கணக்கான உறுப்பினர் நிறுவனங்களைக் கொண்ட திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம், சைமா போன்ற அமைப்புகள் பெயர் வெளியிடாமல் இத்தகைய பழுதுகளைப் பதிவுசெய்தால் பதில் கிடைக்கக்கூடும். 57ஆம் விதி சொல்லும் நியாயமான காலம் எவ்வளவு என்பது இன்னொன்று. வரித்துறைக்கு ஒரு மாதம் நியாயமாக இருக்கலாம். அடுத்த வாரம் தூத்துக்குடியில் கப்பலேற வேண்டிய சரக்குக்கு இரண்டு நாள்கூட அதிகம். சாய ரெசிபியின் நகல் ஆர்டர் கொடுத்த ஏற்றுமதியாளரிடமும் இருக்க வேண்டுமா, அல்லது அது சாயப்பட்டறையின் தொழில் ரகசியமா என்பதிலும் இரு தரப்புக்கும் நியாயம் இருக்கிறது.

இவற்றைவிட அவசரமானது கூலிக் கணக்கு. சனிக்கிழமை வாரச் சம்பளம் கொடுக்கும் ஊரில், பீஸ் ரேட்டில் தைத்தவர் திங்கள் முதல் எத்தனை பீஸ் தைத்தார் என்பது பிஎஃப் தளத்திலும் இல்லை, சலானிலும் இல்லை, பையரிடமும் இல்லை. வெள்ளிக்கிழமை சர்வர் வீழ்ந்தால் அந்த வாரத்துக்கு அவருக்குச் சான்றாக நிற்பது சூப்பர்வைசரின் தாளும் அவரே எழுதிவைக்கும் குறிப்பும்தான். நிறுவனத்தின் பதிவு அழிந்த நிலையில் தொழிலாளியின் குறிப்பை எந்த அளவுக்குக் கணக்காக ஏற்பது, இழப்பின் சுமையை யார் ஏற்பது என்பதை மேலே கண்ட தரப்புகளில் எதுவும் இதுவரை கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை.